ஈரக் கனியும் உலர்ந்த கனியும்

அடுக்களையில் அன்றாடம் எழுகின்ற ஒரு கேள்வி உண்டு. இஞ்சி வேண்டும்; வீட்டில் இருப்பது சுக்கு. பச்சைப் பட்டாணி வேண்டும். டப்பாவில் இருப்பது காய்ந்த பட்டாணி. ஒன்றிற்குப் பதிலாக மற்றொன்றை இடலாமா? இடலாமெனில், எவ்வளவு இடவேண்டும்? பார்வைக்கு இது மிகச் சிறிய கேள்வி. ஆயினும், இதே வகையான கேள்வி ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன்னர் மதீனத்தில் எழுந்தது என்பதையும், அதற்குக் கிடைத்த விடை இஸ்லாமிய வணிகச் சட்டத்தின் அடிப்படைகளுள் ஒன்றாக இன்றளவும் நிலைத்திருக்கிறது என்பதையும் அறியும்போது நம் உள்ளம் வியப்பில் ஆழ்கிறது.

ஈரப் பேரீச்சம்பழத்தைக் கொடுத்து உலர்ந்த பேரீச்சம்பழத்தை வாங்கலாமா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வினவப்பட்டது. பெருமானார் அவர்கள் உடனே ஆகும் என்றோ ஆகாது என்றோ கூறிவிடவில்லை. சுற்றியிருந்தோரை நோக்கி, ஈரப்பழம் உலர்ந்தால் அளவில் குறையுமா என்று கேட்டார்கள். குறையும் என்றனர் தோழர்கள். அங்ஙனமாயின் அந்தப் பண்டமாற்று கூடாது எனத் தடுத்தருளினார்கள். சஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் அறிவித்த இச்செய்தி இமாம் மாலிக் அவர்களின் ‘முவத்தா’விலும், அபூதாவூத், திர்மிதீ முதலிய ஹதீஸ் தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது.

இவ்விடத்தில் சற்றே சிந்தித்துப் பாருங்கள். பேரீச்சந் தோட்டங்கள் சூழ்ந்த நகரத்தில் வாழ்ந்த அண்ணலாருக்கு ஈரப்பழம் உலர்ந்தால் குறையும் என்பது தெரியாதா? தெரியும். சட்டத்தை மட்டும் கூறாமல் அதன் காரணத்தையும் மக்களின் வாயிலிருந்தே வரவழைப்பதற்காகவே அவ்வினா எழுப்பப்பட்டது என அறிஞர்கள் விளக்குகின்றனர். காரணத்தை அறிந்தவன் சட்டத்தை மறப்பதில்லை. பேரீச்சம்பழத்தோடு நில்லாமல் ஏனைய பொருள்களிலும் அதனைப் பொருத்திப் பார்க்கும் ஆற்றலையும் அவன் பெறுகிறான்.

எவ்வளவு குறையும்?

பேரீச்சங்காய் முதிர்ந்து மஞ்சளாகவோ சிவப்பாகவோ நிறம் மாறிக் கடினமாக இருக்கும் பருவத்தை அரபியர் ‘புஸ்ர்’ என்பர். கனிந்து மென்மையாகிச் சாறு நிறைந்திருக்கும் பருவம் ‘ருதப்’. நீர் வற்றி, நெடுநாள் வைத்துண்ணத் தக்கதாக உலர்ந்துவிட்ட பருவம் ‘தம்ர்’. ருதப் பழத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 முதல் 45 பங்கு நீர் இருக்கும். தம்ரில் அது 25 பங்கிற்கும் கீழே இறங்கிவிடும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். நூற்றுக்கு 40 பங்கு நீருள்ள ருதப் ஒரு கிலோ எடுத்துக்கொண்டால், அதில் நீர் நீங்கலான பொருள் 600 கிராம். அப்பழத்தை நூற்றுக்கு 20 பங்கு நீர் நிற்கும் அளவிற்கு உலர்த்தினால் எஞ்சுவது 750 கிராம். எனவே, ஒரு கிலோ தம்ரைக் கொடுத்து ஒரு கிலோ ருதபைப் பெறுகிறவன், தனது பழம் உலர்ந்து முடிந்த நாளில் 250 கிராம் இழந்தவனாகிறான். தராசு அன்று நேராகவே நின்றது. முள் சற்றும் சாயவில்லை. ஆனால், நாட்கள் செல்லச் செல்ல ஒருவனுடைய பங்கு குறைந்துவிட்டது. கண்ணுக்குச் சமமாகத் தோன்றுவதெல்லாம் சமமன்று என்னும் உண்மையை அந்த ஒரு வினா உணர்த்திவிட்டதன்றோ?

மரத்தில் தொங்கும் பழத்தைக் குத்துமதிப்பாகக் கணித்து, அளந்த உலர் பழத்திற்கு விற்பதையும், கொடியிலுள்ள திராட்சையை அளந்த உலர் திராட்சைக்கு விற்பதையும் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ‘முஸாபனா’ எனப்படும் இவ்வணிகத்தில் ஒரு பக்கம் அளவு தெரியும், மறுபக்கம் தெரியாது. தெரியாததில் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது.

ஆயினும், இம்மார்க்கம் ஏழையின் நாவையும் மறந்துவிடவில்லை. கையில் காசில்லை, சென்ற ஆண்டின் உலர்ந்த பழம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஊரெங்கும் புதுப்பழம் கனிந்து தொங்குகிறது. பிள்ளைகள் அதனைப் பார்த்து ஏங்குகின்றனர். இத்தகையோரின் தேவையைக் கருதி ‘அராயா’ எனும் சலுகை அளிக்கப்பட்டது. மரத்திலுள்ள பழம் உலர்ந்தால் எவ்வளவு தேறும் என மதிப்பிட்டு, அந்த அளவு உலர் பழத்தைக் கொடுத்து அதனைப் பெறலாம். இதற்கும் ஐந்து வஸக் என்னும் வரம்பு வகுக்கப்பட்டது. ஒரு வஸக் என்பது 60 ஸாவு. ஒரு ஸாவு என்பது நான்கு முத்து. ஒரு முத்து என்பது நடுத்தர உடலமைப்புள்ள ஒருவரின் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. பொதுவிதியில் நீதியும் விதிவிலக்கில் இரக்கமும் ஒளிர்வதைக் காண்க.

இவ்விஷயத்தில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் மறைத்தலாகாது. அளக்கும் நேரத்தில் இரண்டும் சம அளவாக இருந்தால் ருதபுக்குத் தம்ரை மாற்றிக்கொள்ளலாம் என்பது இமாம் அபூஹனீஃபா அவர்களின் முடிவு. அவர்களின் மாணவர்களாகிய இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மத் ஆகிய இருவருமே அதனை ஏற்கவில்லை. இமாம் மாலிக், இமாம் ஷாஃபிஈ ஆகியோரும் மேற்கண்ட நபிமொழியைக் கொண்டு கூடாது என்றே தீர்ப்பளித்தனர். ஆசிரியரும் மாணவரும் மாறுபட்டும் ஒருவரையொருவர் மதித்து வாழ்ந்த பண்பாடு நாம் கற்கவேண்டிய மற்றொரு பாடமாகும்.

கைபரிலிருந்து வந்த பழம்

கைபரில் நியமிக்கப்பட்டிருந்த ஒருவர் உயர்ந்த வகைப் பேரீச்சம்பழத்தை அண்ணலாரிடம் கொண்டு வந்தார். கைபரின் பழமெல்லாம் இத்தகையதுதானா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். இல்லை, மட்டமான பழத்தில் இரண்டு அல்லது மூன்று ஸாவு கொடுத்து இதில் குறைந்த அளவு பெறுகிறோம் என்றார் அவர். அவ்வாறு செய்யலாகாது, கலப்புப் பழத்தைக் காசுக்கு விற்று, அக்காசைக் கொண்டு நல்ல பழத்தை வாங்குக என வழிகாட்டினார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது.

பண்டத்திற்குப் பண்டம் மாற்றும்போது ஏற்படுகின்ற மயக்கத்தை நாணயம் நீக்கிவிடுகிறது. விலை வெளிப்படையாகப் பேசப்படுகிறது. யாருக்கு எவ்வளவு என்பதில் ஐயம் எழுவதில்லை. பள்ளிவாசல் கஞ்சிக்கு ஐந்து கிலோ இஞ்சி தருவதாகச் சொன்னவர், அதற்குப் பதிலாகச் சுக்கைக் கொண்டுவந்தால், ஒரு கிலோ போதுமா, ஐந்து கிலோவும் வேண்டுமா என்று அங்கே வாக்குவாதம் எழக்கூடும். சந்தையில் இரண்டிற்கும் உள்ள விலையைக் கேட்டால் வாக்குவாதம் அடங்கிவிடும்.

அடுக்களைக் கணக்கு

மதீனத்தின் அந்த வினாவை இனி நம் இல்லத்து அடுக்களைக்குக் கொண்டுவருவோம். இஞ்சியில் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பங்கு நீர். சுக்கில் ஏறத்தாழ 10 பங்கே நீர். ஆகவே, ஒரு கிலோ இஞ்சி உலர்ந்தால் 200 முதல் 220 கிராம் வரை சுக்கு தேறும். தோல் சீவிய கழிவைக் கணக்கிட்டால் இன்னும் சற்றுக் குறையும். அதாவது, ஐந்திற்கு ஒன்று. திராட்சையும் இவ்வாறே, நான்கு கிலோ பழம் ஒரு கிலோ உலர் திராட்சையாகிறது. தேங்காய்ப் பருப்பில் பாதியளவே நீர் என்பதால், ஒரு கிலோ பருப்பு கொப்பரையாகும்போது அரைக் கிலோவிற்குச் சற்று மேலாக நிற்கிறது. புதினா போன்ற இலைகளில், நறுக்கிய பச்சை இலை மூன்று தேக்கரண்டிக்கு உலர்ந்த இலை ஒரு தேக்கரண்டி என்பது பொதுவான அளவு.

இந்தக் கணக்கைத் திருப்பியும் போடலாம். காய்ந்த பட்டாணியும் கொண்டைக்கடலையும் இரவு முழுதும் ஊறினால் ஏறத்தாழ இருமடங்கு எடையாகும். பச்சைப் பட்டாணி இரண்டு கிலோ வேண்டிய இடத்தில் காய்ந்த பட்டாணி இரண்டு கிலோவை ஊறவைத்தவர், மறுநாள் காலையில் பாத்திரம் கொள்ளாமல் திகைக்க நேரும். ஒரு கிலோவே போதும்.

ஆனால், எடையைச் சமன்செய்தால் மட்டும் போதாது. குணத்தையும் பார்க்க வேண்டும். தமிழ்மொழி இதனை அழகுற உணர்ந்திருக்கிறது. இஞ்சி உலர்ந்தால் சுக்கு என்றும், தேங்காய் உலர்ந்தால் கொப்பரை என்றும், நெல்லிக்காய் உலர்ந்தால் நெல்லிமுள்ளி என்றும், மீன் உலர்ந்தால் கருவாடு என்றும் தனிப்பெயர் சூட்டியிருக்கிறது. அரபு மொழியும் அவ்வாறே, திராட்சையை ‘இனப்’ என்றும் உலர் திராட்சையை ‘ஸபீப்’ என்றும் அழைக்கிறது. பெயர் மாறியதற்குக் காரணம் குணம் மாறியதேயாகும்.

சுவனவாசிகளுக்குரிய பானத்தில் கலக்கப்படும் பொருளாகத் திருக்குர்ஆனின் 76ஆம் அத்தியாயம் குறிப்பிடுகின்ற சிறப்பு இஞ்சிக்கு உண்டு. அவ்விஞ்சி உலரும்போது, அதிலுள்ள ஜிஞ்சரால் எனும் பொருளின் ஒரு பகுதி ஷோகால் எனும் பொருளாக மாறுகிறது. இது முன்னதைவிடக் காரம் மிக்கது. ஆகவே, சுக்கு என்பது நீர் நீங்கிய இஞ்சி மட்டுமன்று. காரம் கூடி, பசுமணம் குறைந்த வேறொரு பொருள். ஐந்திற்கு ஒன்று எனக் கணக்கிட்டாலும், முதலில் சற்றுக் குறைத்தே இட்டு, சுவைத்துப் பார்த்தபின் கூட்டுவதுதான் அறிவுடைமை. இட்டதை எடுக்க முடியாது. இடாததை எப்பொழுதும் இடலாம்.

கொத்துமல்லி இலையை உலர்த்தினால் அதன் மணம் பெரும்பாலும் போய்விடும். தனியாவை அதற்கு ஈடாகப் போடவும் இயலாது. இலைக்கும் விதைக்கும் செடி ஒன்றே, சுவை வேறு. ஆகவே, இலை கிடைக்காத நாளில் அதனை விட்டுவிடுவதே நலம். பச்சை இலைகளை அடுப்பிலிருந்து இறக்கும் நேரத்தில் இடுக. உலர்ந்தவற்றைத் தொடக்கத்திலேயே இடுக. அவை நீரைக் குடித்து, வெந்து, மணத்தை வெளியிடக் காலம் வேண்டும். கருவாட்டையும் உப்புக்கண்டத்தையும் சேர்க்கும்போது, அவற்றிலுள்ள உப்பை முதலில் கணக்கிட்ட பின்னரே குழம்பிற்கு உப்பிடுக.

நீர் தருவதும் கெடுப்பதும்

உலர்ந்ததை மீண்டும் ஈரமாக்கும் முறையும் நாயகத்தின் இல்லத்தில் இருந்தது. தோல்பையில் நீரூற்றிப் பேரீச்சம்பழத்தையோ உலர் திராட்சையையோ ஊறவைப்பர். காலையில் ஊறவைத்ததை அண்ணலார் மாலையில் அருந்துவார்கள். மாலையில் ஊறவைத்ததைக் காலையில் அருந்துவார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். மூன்று நாட்களுக்கு மேல் வைத்திருந்ததில்லை என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பிலிருந்து தெரிகிறது. பேரீச்சம்பழத்தையும் உலர் திராட்சையையும் ஒன்றாகக் கலந்து ஊறவைப்பதும், செங்காயையும் ஈரப்பழத்தையும் கலந்து ஊறவைப்பதும் தடுக்கப்பட்டன. இனிப்பு நீர் வெப்பத்தில் விரைவில் நொதித்துப் போதையூட்டும் பானமாகிவிடும் என்பதால் விதிக்கப்பட்ட காவல் இது. பேரீச்சம்பழம் ஊறிய நீரைக் கீழே கொட்டாதீர்கள். கனியின் இனிமையில் ஒரு பகுதி அந்நீரில் இறங்கியிருக்கிறது. ஆனால், அன்றைக்கன்றே அருந்திவிடுங்கள்.

நீர் நன்மை செய்வது ஊறவைக்கும் பாத்திரத்தில். வணிகனின் மூட்டையில் அது தீமையாக மாறுகிறது. கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றான் விற்றவன். மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, மோசடி செய்கிறவன் தம்மைச் சார்ந்தவன் அல்லன் எனக் கடிந்துரைத்தார்கள். எடை கூடுவதற்காக மிளகாய் வற்றலின் மீதும் மல்லியின் மீதும் நீர் தெளிப்போர் இச்செய்தியை எண்ணிப் பார்ப்பாராக. அவர்கள் நீரை மிளகாய் விலைக்கு விற்கின்றனர். அதோடு நில்லாமல், அந்த ஈரத்தில் பூஞ்சணம் வளரவும் வழிசெய்கின்றனர். பூஞ்சணம் பிடித்த வற்றலிலும் நிலக்கடலையிலும் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு உண்டாகக்கூடும். அளவில் மோசடி செய்வோரைத் திருமறையின் 83ஆம் அத்தியாயம் தொடக்கத்திலேயே எச்சரிக்கின்றது என்பதை நாம் அறிவோம்.

உலர்ந்த இறைச்சி உரைக்கும் பாடம்

ஒரு தையற்காரர் அண்ணலாரை விருந்திற்கு அழைத்தார். வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் உலர்ந்த இறைச்சியும் சேர்ந்த குழம்பும் வைக்கப்பட்டன. நாயகம் (ஸல்) அவர்கள் பாத்திரத்தில் சுரைக்காய்த் துண்டுகளைத் தேடியெடுத்து உண்டதைக் கண்ட அனஸ் (ரலி) அவர்கள், அன்றுமுதல் தாமும் சுரைக்காயை விரும்பலானார்கள். நீர் வற்றிய இறைச்சியோடு நீர் நிறைந்த காயைச் சேர்த்த அந்தச் சமையலின் பொருத்தத்தைப் பாருங்கள்! ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. உப்புக்கண்டத்தோடு சுரைக்காயையோ பூசணிக்காயையோ சேர்த்துச் சமைத்துப் பார்த்தால் இதன் நயம் விளங்கும்.

ஓராண்டு ஹஜ்ஜுப் பெருநாளின்போது பாலைவனத்து ஏழைகள் பலர் மதீனத்திற்கு வந்திருந்தனர். குர்பானி இறைச்சியை மூன்று நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, எஞ்சியதைத் தருமம் செய்துவிடுமாறு அவ்வாண்டில் கட்டளையிடப்பட்டது. பின்னர் நிலைமை மாறியபோது, வந்திருந்த ஏழைகளுக்காகவே முன்னர்த் தடுத்தோம். இனி உண்ணலாம், சேமிக்கலாம், தருமமும் செய்யலாம் என அனுமதி அளிக்கப்பட்டது. உலர்த்திச் சேமிப்பது குற்றமன்று. யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்தின் பஞ்சத்தைத் தாங்கும்பொருட்டு, அறுவடையைக் கதிரோடு சேமிக்குமாறு கூறியதைத் திருமறையின் 12ஆம் அத்தியாயம் எடுத்துரைக்கவில்லையா? ஆனால், பசித்தவன் வாசலில் நிற்கும்போது நம் வீட்டு மாடியில் இறைச்சி காய்ந்துகொண்டிருந்தால், அச்சேமிப்பு நம்மை நோக்கிக் கேள்வி கேட்கும்.

இருப்பதைக் கொண்டு

பதிலுக்குப் பதில் இடுவதில் மிக அழகிய முன்மாதிரி நோன்பு திறப்பதில் அமைந்திருக்கிறது. அண்ணலார் அவர்கள் மஃரிப் தொழுகைக்கு முன்னர்ச் சில ஈரப் பேரீச்சம்பழங்களைக் கொண்டு நோன்பு திறப்பார்கள். அவை இல்லையெனில் உலர்ந்த பழங்கள். அவையும் இல்லையெனில் சில மிடறு தண்ணீர். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் வரிசை இது. இங்கே அளவுக் கணக்கு எதுவும் பேசப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு கிலோவிற்கு முக்கால் கிலோ என்னும் பேச்சே இல்லை. பிறருடைய உரிமை கலந்த இடத்தில் உலர்ந்தால் குறையுமா என்று நுணுகிக் கேட்ட அதே நாயகம், தமக்கென்று வந்தபோது கிடைத்ததைக் கொண்டு நிறைவடைந்தார்கள்.

நோன்புப் பெருநாள் தருமத்தில் மீண்டும் அளவு வருகிறது. ஏனெனில், அது ஏழையின் உரிமை. வாற்கோதுமை, உலர்ந்த பேரீச்சம்பழம், உலர்ந்த பாற்கட்டி, உலர் திராட்சை ஆகியவற்றில் தலைக்கு ஒரு ஸாவு வழங்கி வந்ததை அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் நினைவுகூர்கின்றார்கள். யாவும் வைத்திருந்து உண்ணத்தக்க பொருள்கள் என்பதை நோக்குக. ஸிரியாவின் கோதுமையில் இரண்டு முத்து, ஒரு ஸாவு பேரீச்சம்பழத்திற்கு ஈடாகும் என முஆவியா (ரலி) அவர்கள் கருதினார்கள். அபூஸயீத் (ரலி) அவர்களோ ஒரு ஸாவையே தொடர்ந்து கொடுத்து வந்தார்கள். பழத்தோட்டத்து ஸகாத்திலும், கொடியிலுள்ள திராட்சையை மதிப்பிட்டு, அதற்குரிய பங்கை உலர் திராட்சையாகப் பெறுமாறு கூறும் ஓர் அறிவிப்பு உண்டு.

அன்பர்களே! இவற்றிலிருந்து நாம் பெறும் நெறி தெளிவானது. அடுத்த வீட்டிலிருந்து கைம்மாற்றாக இஞ்சி வாங்கினால் இஞ்சியாகவே திருப்பிக் கொடுங்கள். அது கிடைக்காவிடில், எதனை எவ்வளவு தருவது என்று அவர்களிடமே கேட்டு, அவர்கள் மனமொப்பியதைக் கொடுங்கள். நூறு பேருக்குக் கஞ்சி காய்ச்சுகிறவர், பச்சைப் பொருளுக்குப் பதில் உலர்ந்ததை இடும்போது நீரையும் அளவையும் முன்னதாகக் கணக்கிடட்டும். அவரது கணக்கு தவறினால் வரிசையின் கடைசியில் நிற்பவரின் கிண்ணம் வெறுமையாகும். விற்பவர் ஈரத்தை மறைக்காதிருக்கட்டும். நமக்கென்று உண்ணும்போதோ, ஈரக்கனி இல்லையே என்று முகம் சுளிக்காமல் உலர்ந்ததை உவப்போடு ஏற்போம். கொடுக்கும்போது உலர்ந்தபின் நிற்கும் அளவைப் பாருங்கள். உண்ணும்போது கையில் இருப்பதைப் பாருங்கள். இவ்விரு பார்வையும் அமையப்பெற்ற இல்லத்தில் பரக்கத் பெருகும் என்பதில் ஐயமில்லை.